சாரயேவோ முதல் சிகாகோ வரை: 'அது நடக்காமல் இருந்திருந்தால்?' என்ற கேள்வியை எடைபோடுவது எப்படி?

காரோட்டி ஒருவர் தவறான தெருவில் திரும்பியதால் முதல் உலகப் போர் மூண்டது. பெட்டி ஒன்றின் சாவி கிடைக்காததால் டைட்டானிக் மூழ்கியது. அமெரிக்காவில் மதுவிலக்கு வராமல் இருந்திருந்தால் சிகாகோவின் கும்பல் தலைவர் அல் கபோன் என்ற பெயரையே உலகம் அறிந்திருக்காது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தைப் பற்றி இத்தகைய வாசகங்கள் காணொளிகளிலும் கைப்பேசிப் பகிர்வுகளிலும் ஓயாமல் சுற்றி வருகின்றன. மூன்றிலும் உண்மை சிறிதளவு உண்டு. ஆனால் மூன்றுக்கும் ஒரே எடை கிடையாது. எது எவ்வளவு தாங்கும், ஏன் தாங்கும் என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

மாற்று வரலாறு என்பது என்ன

நடந்தவற்றில் ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு, அதன் பிறகு என்ன நடந்திருக்கும் என்று காரண காரியத் தொடர்போடு ஆராய்வது மாற்று வரலாறு. கதை எழுதுபவர்களுக்கு அது ஒரு விளையாட்டுக் களம். வரலாற்றாசிரியர்களுக்கோ காரணங்களை நிறுத்துப் பார்க்கும் தராசு. 'இதற்கு இதுதான் காரணம்' என்று யார் சொன்னாலும், 'அது இல்லையென்றால் இது நடந்திருக்காது' என்ற கூற்றும் அதனுள் அடங்கியிருக்கிறது. ஆகவே இந்த ஆராய்ச்சியை வெறும் கற்பனை என்று ஒதுக்குகிறவர்களும், காரணம் பேசத் தொடங்கியதும் தம்மை அறியாமல் அதையேதான் செய்கிறார்கள்.

நடந்த வரலாற்றை விட்டுக் கற்பனை வரலாறு விலகும் இடத்தைப் பிரிபுள்ளி என்று வைத்துக்கொள்வோம். ஒரு பிரிபுள்ளி பொருட்படுத்தத் தக்கதா என்று அறிய மூன்று கேள்விகள் போதும்.

1. மாற்றம் சிறியதா? அந்தக் காலத்து மனிதர்களின் கைக்கு எட்டக்கூடியதாக அது இருந்ததா? 'ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் பேரரசே இல்லாமல் இருந்திருந்தால்' என்று தொடங்கினால் விடையாக எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம்.

2. அந்த மாற்றத்துக்கும் நாம் பேசும் விளைவுக்கும் இடையில் எத்தனை கண்ணிகள் உள்ளன? ஒவ்வொன்றும் எப்படி இயங்கியது என்று சான்றோடு காட்ட முடிகிறதா?

3. அதே விளைவுக்கு வேறு வழிகளும் திறந்திருந்தனவா? பேருந்தைத் தவறவிட்டவர் அடுத்த பேருந்தில் ஊர் போய்ச் சேர்ந்துவிடுவார். தவறவிட்டது அன்றைய கடைசிப் பேருந்து என்றால் கதையே வேறு.

சுற்றி வரும் வாசகங்கள் பெரும்பாலும் முதல் கேள்வியோடு நின்றுவிடுகின்றன. மாற்றம் எவ்வளவு சிறியதோ அவ்வளவு வியப்பு. வியப்பு இருந்தால் பகிர்வும் கூடும். முடிவைத் தீர்மானிப்பதோ பெரும்பாலும் மூன்றாவது கேள்வி. அந்தக் கேள்வியை வைத்துப் பார்த்தால் போர், விபத்து, கும்பல் குற்றம் ஆகிய மூன்றும் மூன்று விதமாக நடந்துகொள்கின்றன.

சாரயேவோ, 28 ஜூன் 1914

முதலில் நடந்தது என்ன என்று பார்த்துவிடுவோம். ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் பட்டத்து இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்டும் அவருடைய மனைவி சோஃபியும் போஸ்னியாவின் தலைநகர் சாரயேவோவில் திறந்த காரில் சென்றார்கள். ஆஸ்திரிய ஆட்சியை எதிர்த்த ஆறு இளைஞர்கள், செர்பியாவிலிருந்து வந்த ஆயுதங்களோடு மில்யாட்ஸ்கா ஆற்றங்கரைச் சாலையில் காத்திருந்தார்கள். முதலில் நின்றவர்கள் எதுவும் செய்யவில்லை. காலை பத்து மணிக்குச் சற்றுப் பின் நெடெல்கோ சாப்ரினோவிச் எறிந்த குண்டு இளவரசரின் காரில் பட்டுத் தெறித்து, பின்னால் வந்த காருக்கு அருகில் வெடித்தது. காயமடைந்தவர்களில் ஆளுநர் போட்டியோரெக்கின் உதவி அதிகாரி மெரிட்சியும் ஒருவர்.

நகர மன்ற வரவேற்பு முடிந்ததும், காயமடைந்தவரை மருத்துவமனையில் பார்க்க வேண்டும் என்றார் இளவரசர். குறுகலான நகரத் தெருக்களைத் தவிர்த்து ஆற்றங்கரைச் சாலையிலேயே நேராகப் போவது என்று முடிவாயிற்று. அந்த முடிவு காரோட்டிகளுக்குத் தெரிவிக்கப்படவில்லை. அத்தகைய தகவல்களைக் கடத்தும் பொறுப்பில் இருந்த உதவி அதிகாரி அப்போது மருத்துவமனைப் படுக்கையில் இருந்தார். முன்னால் சென்ற கார் பழைய திட்டப்படி லத்தீன் பாலத்தின் எதிரே வலப்பக்கம் திரும்பியது. இளவரசரின் காரை ஓட்டிய லோய்காவும் பின்தொடர்ந்தார். 'இந்த வழி இல்லை' என்று ஆளுநர் கத்தியதும் கார் நின்றது. அந்த ஆறு பேரில் ஒருவரான காவ்ரிலோ பிரின்சிப் நின்றிருந்த முனை அது. இளவரசருக்குக் காவலாக ஹராக் பிரபு காரின் இடப்பக்கப் படியில் ஏறி நின்றுகொண்டிருந்தார். பிரின்சிப் சுட்டதோ வலப்பக்கத்திலிருந்து. இரண்டே குண்டுகளில் இருவரும் இறந்தார்கள்.

பிரின்சிப் கடையில் சாண்ட்விச் வாங்கித் தின்றுகொண்டிருந்தபோது கார் தானாக அவர் முன் வந்து நின்றது என்ற கதைக்குச் சான்று இல்லை. நாளிதழ்களில் முன்கூட்டியே வெளியாகியிருந்த வழித்தடத்தில் கார் எந்த முனையில் திரும்ப வேண்டுமோ அதே முனையில் அவர் நின்றிருந்தார். தற்செயல் காரோட்டியின் பக்கம் இருந்ததே தவிர, கொலையாளியின் பக்கம் இல்லை.

முதல் கேள்வியில் இந்தப் பிரிபுள்ளி முழு மதிப்பெண் பெறுகிறது. ஒரு வாக்கியம் காரோட்டியின் காதில் விழுந்திருந்தால் போதும். கார் வேகமாக நேரே போயிருக்கும், இளவரசர் அன்று பெரும்பாலும் உயிரோடு திரும்பியிருப்பார். இந்த உயிர் அதற்கு முன்பும் ஒருமுறை நூலிழையில் தப்பியது. 1913ஆம் ஆண்டின் இறுதியில் இங்கிலாந்தின் வெல்பெக் மாளிகையில் வேட்டை விருந்தினராக அவர் இருந்தபோது, பனியில் வழுக்கி விழுந்த உதவியாளர் ஒருவரின் துப்பாக்கி வெடித்து, ரவைகள் அவரைச் சில அடி தூரத்தில் கடந்து சென்றன.

அடுத்தது கண்ணிகளைப் பற்றிய கேள்வி. கொலைக்கும் உலகப் போருக்கும் இடையில் ஐந்து வாரங்களுக்கு மேல் இடைவெளி உண்டு. அந்த நாள்களில் அடுத்தடுத்து எடுக்கப்பட்ட முடிவுகள் இவை.

1. ஜூலை 5: ஆஸ்திரியா என்ன செய்தாலும் துணை நிற்பதாக ஜெர்மானியப் பேரரசர் உறுதியளித்தார்.

2. ஜூலை 23: செர்பியாவுக்கு 48 மணி நேரக் கெடுவோடு இறுதி எச்சரிக்கை அனுப்பப்பட்டது. அது ஏற்கப்படக் கூடாது என்ற நோக்கத்தோடே எழுதப்பட்டது.

3. ஜூலை 28: செர்பியா மீது ஆஸ்திரியா போர் அறிவித்தது.

4. ஜூலை 30: ரஷ்யா தன் முழுப் படையையும் திரட்ட ஆணையிட்டது. ஜெர்மனியின் போர்த்திட்டம், ரஷ்யா திரண்டு முடிப்பதற்குள் பிரான்சை வீழ்த்திவிட வேண்டும் என்ற காலக்கணக்கின் மேல் அமைந்திருந்ததால், இந்த ஆணைக்குப் பிறகு பேச்சுவார்த்தைக்கு இருந்த நேரம் ஏறக்குறைய தீர்ந்துபோனது.

5. ஆகஸ்ட் 1 முதல் 4 வரை: ஜெர்மனி ரஷ்யா மீதும் பிரான்ஸ் மீதும் போர் அறிவித்து, பெல்ஜியத்துக்குள் நுழைந்தது, பிரிட்டன் ஜெர்மனி மீது போர் அறிவித்தது.

இவை ஒவ்வொன்றும் மனிதர்கள் மேசையைச் சுற்றி அமர்ந்து எடுத்த முடிவுகள். எந்தக் கண்ணியிலும் ஒருவர் மறுத்திருக்கலாம். ஆகவே 'தவறான திருப்பம்தான் போருக்குக் காரணம்' என்று சொல்வது இந்த ஐவகைப் பொறுப்பையும் ஒரு காரோட்டியின் தலையில் கட்டுவதாகும்.

போருக்கு வேறு வழிகள் இருந்தனவா?

ஒரு தரப்பு சொல்வது இது: 1905 முதல் மொராக்கோவில் இருமுறை, 1908இல் போஸ்னியா இணைப்பின்போது ஒருமுறை, 1912–13 பால்கன் போர்களின்போது மறுபடியும் என்று ஐரோப்பா விளிம்புவரை போய்க்கொண்டே இருந்தது. பெரிய வெடிமருந்துக் கிடங்கின் பக்கத்தில் நெருப்போடு நடமாடுகிறவர்கள் எத்தனை நாள் தப்புவார்கள்? சாரயேவோ இல்லையென்றால் வேறொன்று. ஆஸ்திரியப் படைத் தலைமைத் தளபதி கொன்ராட், 1913ஆம் ஆண்டில் மட்டும் செர்பியாவோடு போர் வேண்டும் என்று இருபது முறைக்கு மேல் பரிந்துரைத்தவர். ரஷ்யாவின் படைப்பெருக்கத் திட்டம் 1917இல் முடிந்துவிட்டால் பிறகு வெல்லவே முடியாது என்ற அச்சம் ஜெர்மானியத் தளபதிகளிடம் வேரூன்றியிருந்தது.

இந்த வாதத்தில் வலு உண்டு. ஆனால் அதே சான்றுகளைத் திருப்பியும் படிக்கலாம். அத்தனை நெருக்கடிகளும் வந்தன, ஒன்றுகூடப் பெரும்போராக முடியவில்லை. கொன்ராட் இருபது முறைக்கு மேல் கேட்டார் என்றால், அத்தனை முறையும் யாரோ மறுத்தார்கள் என்றும் பொருள். மறுத்தவர்களில் முதன்மையானவர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்டே. செர்பியர்கள்மீது அவருக்குப் பரிவு ஒன்றும் கிடையாது. ரஷ்யாவோடு மோதினால் இரு முடியாட்சிகளும் அழியும் என்பது அவர் கணக்கு. கொலைக்குச் சில நாள்களுக்கு முன் வியன்னா வெளியுறவு அமைச்சகத்தில் தயாரான குறிப்பாணையும் பால்கன் பகுதியில் அரசதந்திர வழியில் கூட்டணி தேடுவதைப் பற்றியே பேசியது, போரைக் கோரவில்லை.

எனவே இங்கே இருந்தது தீப்பொறி என்ற ஒரே வேலை மட்டும் அன்று. அந்தக் கொலை போருக்கு ஒரு சாக்கைத் தந்தது. அரசவையில் போரைத் தடுத்துக்கொண்டிருந்த ஆளையும் அதே நொடியில் அகற்றியது. அண்டை முடியரசர்களின் அனுதாபத்தையும் முதல் சில வாரங்களுக்கு ஆஸ்திரியாவுக்குப் பெற்றுத் தந்தது. இந்த மூன்றையும் ஒரே அடியில் செய்யக்கூடிய வேறொரு நிகழ்வை 1914இல் கற்பனை செய்வது கடினம். இளவரசர் பிழைத்திருந்தால் அந்தக் கோடையில் போர் வந்திருக்காது என்று ஓரளவு துணிந்து சொல்லலாம். 1916 நவம்பரில் முதிய பேரரசர் ஃபிரான்ஸ் யோசெஃப் இறந்ததும் அவரே அரியணை ஏறியிருப்பார்.

அதற்கு அப்பால் கண் மங்கத் தொடங்குகிறது. 1907இல் ஏற்பட்ட பிரிட்டன்–ரஷ்ய உடன்பாடு பாரசீகப் பூசல்களால் ஏற்கெனவே நலிந்திருந்தது. சில ஆண்டுகள் தள்ளிப்போயிருந்தால் அதே அணிகள் அதே வரிசையில் நின்றிருக்குமா என்பது ஐயம். போர் வந்திருக்கலாம், நாம் அறிந்த போர் வந்திருக்காது. 1914 செப்டம்பர் 22 இரவில் ஜெர்மானியக் கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்க் கிடங்குகள்மீது நூற்றுக்கு மேற்பட்ட குண்டுகளை வீசியதும், நகரமே மூட்டை கட்டிக்கொண்டு உள்நாட்டுக்கு ஓடியதும், பிரிட்டன் எதிரணியில் நின்ற போரில்தான் நடக்க முடியும்.

டைட்டானிக்: சாவியும் வானொலியும்

கப்பல் விபத்துகள் வேறு இனம். 1912 ஏப்ரல் 14 இரவு 11.40க்குப் பனிப்பாறையில் மோதிய டைட்டானிக், அதிகாலை 2.20க்கு மூழ்கியது. ஏறத்தாழ 2,200 பேரில் சுமார் 1,500 பேர் இறந்தார்கள். இங்கே 'வேறு வழி' என்பதே அனேகமாக இல்லை. அந்தப் பாறையைத் தவிர்த்திருந்தால் அந்தக் கப்பல் நியூயார்க் போய்ச் சேர்ந்திருக்கும். ஆகவே எந்த மாற்றம் அதைச் செய்திருக்கும் என்ற இரண்டாவது கேள்விதான் இங்கே முக்கியம்.

1. தொலைநோக்கி. பயணத்துக்குச் சற்று முன் பணி மாற்றப்பட்ட அதிகாரி டேவிட் பிளேர், தொலைநோக்கிகள் இருந்த பெட்டியின் சாவியைத் தன்னோடு கொண்டுபோய்விட்டார் என்பது கதை. பாறையை முதலில் கண்ட காவலர் ஃபிரெடெரிக் ஃப்ளீட், தொலைநோக்கி இருந்திருந்தால் விலகுவதற்குப் போதுமான அளவு முன்னதாகப் பார்த்திருப்பேன் என்று விசாரணையில் சொன்னார். ஆனால் நிலவில்லாத இரவு. பாறையடியில் நுரை எழுப்ப அலைகூட இல்லை. தொலைநோக்கி பார்வைப் பரப்பைச் சுருக்கும் கருவி. வெறுங்கண்ணுக்குத் தெரிந்த பொருள் என்னவென்று உறுதிசெய்யத்தான் கடலில் அது பெரும்பாலும் பயன்பட்டது. சாவிக் கதை எவ்வளவு பரவியிருக்கிறதோ அவ்வளவு வலுவானது அன்று.

2. நேருக்கு நேர் மோதல். திருப்பாமல் நேராக மோதியிருந்தால் முன்பகுதி நசுங்கிச் சிலர் இறந்திருப்பார்கள், கப்பல் மிதந்திருக்கும் என்று அதைக் கட்டிய ஹார்லண்ட் அண்டு வுல்ஃப் நிறுவனத்தின் வடிவமைப்பாளர் எட்வர்ட் வைல்டிங் பிரிட்டிஷ் விசாரணையில் சாட்சியம் அளித்தார். நீர்புகா அறைகளில் முன்னிருந்த நான்கு நிரம்பினாலும் மிதக்கும்படி கட்டப்பட்ட கப்பல் அது. பக்கவாட்டு உரசல் அதற்கு மேற்பட்ட அறைகளைத் திறந்துவிட்டது. பொறியியல் கணக்கு சரியாக இருக்கலாம். ஆனால் பாறையைக் கண்ட பிறகு விலக முயலாமல் வேண்டுமென்றே மோதும் அதிகாரி எந்தக் கடலிலும் கிடையாது. முதல் கேள்வியிலேயே இது விழுந்துவிடுகிறது.

3. கூடுதல் படகுகள். கப்பலில் இருந்த 20 படகுகளில் 1,178 பேருக்குத்தான் இடம். சட்டப்படி அது போதும்; 1894இல் எழுதிய விதி, 10,000 டன்னுக்கு மேற்பட்ட எந்தக் கப்பலுக்கும் 16 படகு என்று நின்றுவிட்டது, டைட்டானிக்கோ 46,000 டன். எல்லோருக்கும் படகு இருந்திருந்தால் எல்லோரும் பிழைத்திருப்பார்களா? முதல் படகு இறங்கியபோது மோதி ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. அதில் பாதி இடம்கூட நிரம்பவில்லை. இருந்த இருபதிலேயே கடைசி இரண்டை முறையாக இறக்க நேரமில்லை. கடல்தான் அவற்றைத் தூக்கிச் சென்றது. கூடுதல் படகு சிலநூறு உயிர்களைக் காத்திருக்கலாம். ஆனால் படகுகளோடு பயிற்சியும் நேரமும் தேவைப்பட்டன.

4. கலிஃபோர்னியன். மிக வலுவான பிரிபுள்ளி இது. பனிக்கட்டிகளுக்கு நடுவே இயந்திரத்தை நிறுத்திவிட்டு அந்தக் கப்பல் அருகில் நின்றிருந்தது. அதன் ஒரே கம்பியில்லாத் தந்தி இயக்குநர் சிரில் எவன்ஸ், பனிக்கட்டி பற்றி எச்சரித்தபோது, பயணிகளின் தந்திகளை அனுப்பிக்கொண்டிருந்த டைட்டானிக் இயக்குநர் ஜாக் பிலிப்ஸ் குறுக்கிட வேண்டாமென்று அவரை அடக்கினார். எவன்ஸ் சுமார் 11.30க்குக் கருவியை அணைத்துவிட்டுப் படுக்கப் போனார். பத்து நிமிடங்களில் மோதல். நள்ளிரவு தாண்டிக் கால் மணிக்கு முதல் அபாய அழைப்பு. கலிஃபோர்னியனின் மேல்தளத்தில் நின்றவர்கள் வானில் வெள்ளை வாணங்களைக் கண்டார்கள். எவன்ஸை யாரும் எழுப்பவில்லை. அந்தக் கப்பல் வந்திருந்தால் பலரைக் காத்திருக்கலாம் என்பதே பிரிட்டிஷ் விசாரணையின் முடிவு.

ஓர் இயக்குநர் இன்னும் ஒரு மணி நேரம் விழித்திருப்பதைவிடச் சிறிய மாற்றம் கேட்பது கடினம். கண்ணிகளும் குறைவு: அழைப்பு கேட்கும், கப்பல் புறப்படும், படகில் ஏறாதவர்களுக்கும் ஒரு வாய்ப்பு கிடைக்கும். சாவியைப் பற்றிய பகிர்வுகளுக்கு இருக்கும் வரவேற்பு இதற்கு இல்லாதது விந்தை.

தீர்வு தந்த இன்னொரு விபத்து

டைட்டானிக்குக்குப் பிறகு எல்லோருக்கும் படகு என்பது பொதுக் கோரிக்கையானது. 1914 ஜனவரியில் லண்டனில் கையெழுத்தான கடல் பாதுகாப்பு உடன்படிக்கை அதை ஏற்றது; 24 மணி நேர வானொலிக் காவலையும் பனிப்பாறை ரோந்தையும் சேர்த்துக்கொண்டது. போர் வந்ததால் அது திட்டமிட்டபடி நடைமுறைக்கு வரவில்லை. அமெரிக்கா 1915 மார்ச்சில் தன் மாலுமிகள் சட்டத்தைத் தனியாக நிறைவேற்றியது.

சிகாகோவில் ஈஸ்ட்லாந்து என்ற ஏரிப் பயணக் கப்பல் இருந்தது. மேற்பகுதி கனமாக, ஒருபக்கம் சாயும் இயல்போடு தொடக்கம் முதலே பெயர் கெட்ட கப்பல். புதிய சட்டத்துக்கு ஏற்ப 1915 ஜூலைத் தொடக்கத்தில் அதன் மேல்தளத்தில் கூடுதல் உயிர்காப்புப் படகுகளும் மிதவைகளும் ஏற்றப்பட்டன. ஜூலை 24 காலை, வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத் தொழிலாளர்களும் குடும்பத்தாருமாக ஏறத்தாழ 2,500 பேர் சுற்றுலாவுக்கு ஏறினார்கள். கயிறுகள் முழுவதும் அவிழ்க்கப்படும் முன்பே, சிகாகோ ஆற்றில், கரையிலிருந்து சில அடி தூரத்தில், சுமார் இருபது அடி ஆழத்தில் கப்பல் பக்கவாட்டில் புரண்டது. 844 பேர் இறந்தார்கள். படகுகள் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. கப்பலின் வடிவமே பழுது. ஆனாலும் ஒரு பிரிபுள்ளியை நல்ல பக்கம் திருப்பினால் விளைவுகள் எல்லாமே நல்லவையாக இருக்கும் என்று எண்ணுபவர்கள் ஈஸ்ட்லாந்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஹாலிஃபாக்ஸ்: போர் பெற்ற விபத்து

1917 டிசம்பர் 6 காலை, கனடாவின் ஹாலிஃபாக்ஸ் துறைமுகக் கால்வாயில், வெடிமருந்து ஏற்றிய பிரெஞ்சுக் கப்பல் மோன்-பிளாங்கும் பெல்ஜிய நிவாரணப் பணிக்கான நார்வேக் கப்பல் இமோவும் மோதின. மோன்-பிளாங்க் தீப்பற்றியது, 9.04க்கு வெடித்தது. ஏறத்தாழ 2,000 பேர் மாண்டார்கள், 9,000 பேர் காயமடைந்தார்கள். எரியும் கப்பலை வீட்டுச் சன்னல் வழியே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஏராளமானோர் கண்ணாடிச் சிதறல்களால் பார்வை இழந்தார்கள்.

முந்தைய மாலையில் இமோவுக்கு நிலக்கரி தாமதமாக வந்தது. அதற்குள் நீர்மூழ்கித் தடுப்பு வலைகள் போடப்பட்டுவிட்டதால் அது வெளியேற முடியவில்லை. மோன்-பிளாங்கும் தாமதமாக வந்ததால் உள்ளே நுழைய முடியாமல் வெளியே நின்றது. நிலக்கரி நேரத்துக்கு வந்திருந்தால் இரண்டும் சந்தித்தே இருக்காது. போருக்கு முன் அத்தகைய சரக்கோடு உள்துறைமுகத்துக்கு வர அனுமதியே இல்லை. நீர்மூழ்கி அச்சம்தான் விதியைத் தளர்த்தியது. இங்கே சிறிய பிரிபுள்ளியும் பெரிய பிரிபுள்ளியும் ஒரே விடையைத் தருகின்றன: நிலக்கரி வண்டியை மாற்றினாலும் விபத்து இல்லை, 1914ஐ மாற்றினாலும் இல்லை.

சிகாகோ: தலைவர்கள் மாறினார்கள், தொழில் மாறவில்லை

மதுவிலக்கு இல்லையென்றால் கபோன் இல்லை என்ற வாசகத்தில் இரண்டு கூற்றுகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒன்று அந்த மனிதரைப் பற்றியது, மற்றது கும்பலைப் பற்றியது.

மனிதரைப் பற்றிய கூற்றைச் சோதிக்கக் கற்பனையே வேண்டாம். சிகாகோ வரலாறே சோதனையை நடத்திக் காட்டிவிட்டது. விபச்சார விடுதிகளால் செல்வம் சேர்த்த கொலோசிமோ 1920 மே மாதம் சுட்டுக்கொல்லப்பட்டார். தொழிலை ஜானி டோரியோ எடுத்துக்கொண்டார். 1925 ஜனவரியில் சுடப்பட்ட டோரியோ பிழைத்து விலகினார், கபோன் வந்தார். கபோன் 1931இல் வரி ஏய்ப்பு வழக்கில் 11 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். ஃபிராங்க் நிட்டியும் பிறரும் தொடர்ந்தார்கள். பத்தாண்டுக்குச் சற்று மேல் மூன்று தலைவர்கள் அகற்றப்பட்டும் அமைப்பு நின்றது. 1926 செப்டம்பர் 20 அன்று, சிகாகோவை ஒட்டிய சிசெரோவில் கபோன் உணவருந்திய விடுதிமீது எதிர்க்கும்பல் கார்களின் அணிவகுப்பில் வந்து நூற்றுக்கணக்கான தோட்டாக்களைப் பொழிந்தது. மெய்க்காவலர் அவரைத் தரையில் தள்ளிக் காத்தார். அன்று அவர் இறந்திருந்தால் நமக்கு வேறொரு பெயர் பழகியிருக்கும், அவ்வளவுதான். 1929 பிப்ரவரி 14 அன்று கிளார்க் தெருவின் கார் கொட்டகையில் ஏழு பேர் சுவரோரம் நிறுத்திக் கொல்லப்பட்டபோது, முதன்மை இலக்கான எதிர்க்கும்பல் தலைவர் மோரன் தாமதமாக வந்து, வாசலில் போலீஸ் கார் நிற்பதைக் கண்டு திரும்பிவிட்டார். அவரும் இறந்திருந்தாலும் பெரிய மாறுதல் இருந்திருக்காது.

கும்பல் பற்றிய கூற்றுக்கு மதுவிலக்கு எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும். அமெரிக்கா போரில் இறங்கும் முன்பே 48 மாநிலங்களில் இருபதுக்கு மேற்பட்டவை மதுவைத் தடை செய்திருந்தன. 1914 டிசம்பரில் நாடு தழுவிய தடைக்கான தீர்மானம் பிரதிநிதிகள் சபையில் 197–190 என்று பெரும்பான்மை பெற்றது. ஆனால் அரசியல் சட்டத் திருத்தத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். 1917 டிசம்பரில் அது கிடைத்தது. நடுவில் போர் வந்திருந்தது: தானியத்தைச் சேமிக்க வேண்டும் என்ற வாதம் சேர்ந்தது, பீர் ஆலைகளின் உரிமையாளர்களில் பலர் ஜெர்மன் வழியினர் என்பது அவர்களின் வாயை அடைத்தது. 1919 ஜனவரியில் திருத்தம் உறுதியாகி, ஓராண்டுக்குப் பின் நடைமுறைக்கு வந்தது.

போர் இல்லையென்றால்? இயக்கத்துக்குத் தன் சொந்த வேகம் இருந்தது. 1916 தேர்தலிலேயே அதன் ஆதரவாளர்கள் பெருகிவிட்டார்கள். ஆனால் காலம் அவர்களுக்கு எதிராக ஓடியது. 1920 மக்கள்தொகைக் கணக்கில் நகரத்தார் எண்ணிக்கை முதன்முறையாகக் கிராமத்தாரை மிஞ்சியது. தடையின் ஆதரவு கிராமங்களில் இருந்தது. சில ஆண்டுத் தாமதம் முழுத் தடையைத் தள்ளிப்போட்டிருக்கலாம், அல்லது பீரையும் வைனையும் விட்டுவிட்ட மென்மையான தடையாக்கியிருக்கலாம். இது ஊகம்தான், எனினும் கண்ணிகள் தெரியும் ஊகம்.

அப்போது கும்பல்கள் இருந்திருக்கும். சூதாட்டமும் விபச்சாரமும் அரசியல்வாதிகளின் காவலும் 1920க்கு முன்பே சிகாகோவின் முதலாம் வட்டத்தில் நன்கு வேரூன்றியிருந்தன. 1933 டிசம்பரில் தடை நீங்கிய பிறகும் அவை சூதாட்டத்துக்கும் தொழிற்சங்க மிரட்டலுக்கும் நகர்ந்தனவே தவிரக் கலையவில்லை. மதுவிலக்கு கொடுத்தது பிறப்பை அன்று, பருமனை. நகரத்தின் ஒவ்வொரு தெருவிலும் வாடிக்கையாளர், ஊர்விட்டு ஊர் போகும் லாரிகள், காவல் நிலையங்களையே விலைபேசும் அளவு ரொக்கம் ஆகியவை அதற்கு முந்தைய கும்பல்களிடம் இருந்ததில்லை.

கும்பல்களின் அடையாளமாகிப்போன தாம்சன் சுடுகருவியும் போரின் எச்சமே. அகழிகளைத் துடைத்தெடுப்பதற்காக ஜான் தாம்சன் உருவாக்கிய அது, களத்துக்குப் போய்ச் சேரும் முன் போர் முடிந்துவிட்டது. 1921 முதல் சந்தைக்கு வந்தபோது படைகள் பெரிதாக வாங்கவில்லை. சில ஆண்டுகளில் சிகாகோவின் எதிரெதிர்க் கும்பல்கள் வாங்கின.

போரோடு சேராத ஒரு கண்ணியும் இந்தச் சங்கிலியில் உண்டு. மதுத் தீர்வை ஒருகாலத்தில் அமெரிக்கக் கூட்டரசின் வருவாயில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத் தந்தது. அந்த வருவாய் இல்லாமல் அரசு நடக்காது என்பதே தடைக்கு எதிரான வலிய வாதம். 1913இல் நிறைவேறிய 16ஆவது திருத்தம் வருமான வரிக்கு வழிசெய்து அந்த வாதத்தை வலுவிழக்கச் செய்தது. சட்டவிரோத வருமானத்துக்கும் அந்த வரி உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1927இல் தீர்ப்பளித்தது. நான்கு ஆண்டுகள் கழித்துக் கபோனைச் சிறைக்கு அனுப்பிய வழக்கு அந்தத் தீர்ப்பின் மேல்தான் நின்றது.